மீரான் கடைப் பலகை

நேற்றுச் சாயங்காலம் வரை ஒன்பது பலகைகள் நின்ற சுவர், இன்று காலையில் வெள்ளை வெளேரென்று இருந்தது. பேச்சித்தாய் டீச்சர் விரலை வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு ஒட்டியது. பலகைகளுக்கு மேலே அவள் கைப்பட எழுதி ஒட்டியிருந்த அட்டையையும் காணோம். இன்னும் மூன்று மணி நேரத்தில் திறப்பு விழா.

"பலவேசண்ணே, இங்கன இருந்த பலகையெல்லாம் எங்க?"

பலவேசம் ஸ்டூலில் ஏறி நின்று பனிக்கரடியின் காதுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் மாதிரி இன்னொரு துணுக்குப் பஞ்சை எடுத்துப் பசையில் தோய்த்தார். ஒரு கரடிக்கு எத்தனை நேரம்தான் காது ஒட்டுவது?

"உங்களத்தான் கேக்கேன்."

"முதலாளிகிட்ட கேளுங்க டீச்சர். நான் கரடிக்கு மட்டுந்தான் பொறுப்பு." முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

அந்தப் பலகைகள் பேச்சித்தாயுடையவையாக இருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பாள். அவை அருவிக்கரையில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் முகம்மது மீரானுடையவை. திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கி வந்தவை.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் இயற்கை அருங்காட்சியகம் நடத்திவந்தார்கள். பெயர்தான் பெரிது. உள்ளே இருந்தவை பாட்டிலில் ஊறிய பாம்புகள் ஏழு, வயிற்றுப் பஞ்சு பிதுங்கிய இருவாட்சிப் பறவை ஒன்று, எந்தக் காலத்திலோ எந்தத் துரையோ சுட்ட காட்டெருமைத் தலை ஒன்று. சீசனுக்கு வருகிறவர்கள் பெருமழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க வருவார்கள். ஈரத்துண்டைப் பிழிந்துவிட்டுப் போவார்கள்.

1988-ஆம் வருஷ சீசனுக்குப் புதிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று குழுத்தலைவர் குற்றாலநாதனுக்கு ஆசை வந்தது. தென்காசியில் மரஅறுவை மில் வைத்திருப்பவர். ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் நாற்காலி அவருக்கு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கும் பேச்சித்தாயைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். பண்பொழியில் நெல் விதைக்கிற குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவள், யோசனை கேட்டால் சும்மா இருப்பாளா? அந்த ஜூன் மாதம்தான் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தாள். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகை வானத்தில் தங்கிவிடுகிறது, அதனால் பூமி சூடாகிறது, காடழிப்பதும் அதோடு சேர்ந்துகொள்கிறது, இப்படியே போனால் வடதுருவத்துப் பனி சுருங்கும் என்று அதில் போட்டிருந்தது. படித்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. வடதுருவத்து உயிரினங்களையும் இந்தச் சூட்டையும் வைத்து ஒரு கூடம் செய்யலாம் என்றாள்.

"குத்தாலத்துல வடதுருவமா! ஐஸுக்குன்னே கூட்டம் வரும்லா!" என்று குற்றாலநாதன் தொடையில் தட்டினார். காரணம் எதுவாக இருந்தால் என்ன, கூடம் வந்தால் போதும் என்று அவளும் சந்தோஷப்பட்டாள். அது முதல் மடத்தனம்.

முதல் சண்டை பெங்குவினுக்காக வந்தது. பெங்குவின் இல்லாமல் என்ன பனி என்று அவர் கேட்டார். பெங்குவின் தென்துருவத்தில் இருப்பது, கரடி வடதுருவத்தில் இருப்பது, ரெண்டும் ஒன்றையொன்று ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று இவள் சொன்னாள். "கரடியும் பெங்குவினும் வந்தா டிக்கெட் கேக்கப் போகுது! பக்கத்துல பக்கத்துல நின்னா என்ன கெட்டுப் போச்சு?" என்றார். இவள் அசையவில்லை. ஒரு வாரம் முறைத்துவிட்டுக் கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். கரடி, சீல், வெள்ளை நரி, அங்கிருந்து பூமியின் மறுமுனை வரை பறந்து திரும்புகிற ஆலாப் பறவை என்று பட்டியல் முடிவாயிற்று.

நாடகத்துக்கும் பொருட்காட்சிக்கும் பொம்மை செய்கிற பலவேசம் வந்தார். மூங்கில் சிம்பில் கூடு கட்டி, அதன்மேல் சாக்குத் தைத்து, உள்ளே மரத்தூளைத் திணித்து, வெளியே மைதாப் பசையில் இலவம்பஞ்சு ஒட்டி எட்டடிக் கரடியை எழுப்பினார். தூள் குற்றாலநாதனின் மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக இனாமாக வந்தது. அது எந்த மரத்தின் தூள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தென்காசிப் பக்கம் மரத்தூள் என்பது அதிசயமா? வீட்டுக்கு வீடு தூள் அடுப்புதான். ஐஸ் பாளம்கூடத் தூளில் புதைந்துதான் வண்டியில் வரும்.

ஐஸ் வைத்தது அவளுடைய யோசனை. கரடியின் காலைச் சுற்றித் தகரத் தட்டு. அதில் தினமும் காலையில் நாலு பாளம் ஐஸ். தட்டிலிருந்து வெளியே தண்ணீர் போக ரப்பர் குழாய். காலையில் வருகிறவன் பார்க்கிற பனியும் மத்தியானம் வருகிறவன் பார்க்கிற பனியும் ஒன்றாக இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாளத்தின் உயரத்தை அளந்து கரும்பலகையில் எழுதுவது என்று ஏற்பாடு.

ஆனாலும் அவளுக்கு மனசு நிறையவில்லை. இங்கே ஈரத்துண்டோடு நிற்கிறவனுக்கு வடதுருவம் எதற்கு? ஐயோ பாவம் கரடி என்று சொல்லிவிட்டு அல்வா வாங்கப் போவான். அப்போதுதான் ஒருநாள் மழைக்காக மீரான் கடைக்குள் ஒதுங்கியவள் அந்தப் பலகைகளைப் பார்த்தாள்.

மசாஜ் செய்கிறவர்களுக்கு எண்ணெய் விற்கிற கடை அது. கதவு கிடையாது. ராத்திரியானால் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்ட பலகைகளை வரிசையாக வாசல்படியில் வெட்டிய காடியில் இறக்கி அடைப்பார்கள். எண் மாறினால் பலகை உட்காராது. அந்தப் பலகைகளின் உள்பக்கம் பூராவும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தேதிகள். மீரானின் வாப்பா 1949-இல் ஆரம்பித்த வழக்கம். பெரிய அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த நாளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அருவியின் சாரல் அடித்துக் கடைப் பலகையின் வெளிப்பக்கம் முதன்முதலாக நனைகிற நாள் எதுவோ, அதுதான் சீசன் பிறந்த நாள். அன்று கம்பியைக் காய்ச்சி உள்பக்கம் தேதியைச் சுட்டுவிட்டுத்தான் வியாபாரம்.

நாற்பது வருஷத்துக்கு நாற்பது தேதி. பேச்சித்தாய் குனிந்தும் நிமிர்ந்தும் படித்தாள். முதல் இருபதில் மூன்றைத் தவிர எல்லாம் வைகாசி. அடுத்த பதினைந்தில் பாதிக்கு மேல் ஆனி. கடைசி ஐந்தில் இரண்டு ஆடிக்கே போய்விட்டது. இடையில் ஒரு வருஷம் வைகாசி பிறந்ததும் பிறக்காததுமாக நனைந்திருந்தது. ஒழுங்கான கோடு ஒன்றும் இல்லை. மலையில் மரம் வெட்டியதாலா, பூமி சூடானதாலா, இல்லை வானத்தின் சொந்தக் கிறுக்கா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. ஆனால் பார்த்தவன் கேள்வி கேட்காமல் போகமுடியாது. அது போதும்.

"ஒரு மாசம் குடுங்க பாய். சேதாரம் இல்லாம நானே கொண்டுவந்து மாட்டுதேன்."

மீரான் தாடியைத் தடவினார். "வாப்பா கையெழுத்து அதுல இருக்கு டீச்சர். நீங்க கேக்கீங்கன்னு தாரேன்." கடை வாசலில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, பலகைகளை அவரே தோளில் சுமந்துவந்து சுவரோரம் வரிசைப்படி நிறுத்தினார். பேச்சித்தாய் மேலே அட்டை ஒட்டினாள். "அங்கே பனி, இங்கே சாரல். இரண்டுக்கும் ஒரே வானம். நம் மலையில் இப்போது மரம் எத்தனை?" தேதிகளைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருஷம் மழையில் நின்ற பலகைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். அது ரெண்டாவது மடத்தனம்.

இப்போது வாசலில் கார் வந்து நின்றது. குற்றாலநாதன் இறங்கி வந்தார். வேட்டி மடிப்புக் கலையவில்லை, நெற்றிச் சந்தனம் காயவில்லை.

"என்ன டீச்சர், மொகம் செவந்து கெடக்கு?"

"பலகை எங்க?"

"உக்காருங்க, சொல்லுதேன். பெங்குவின நீங்க சொன்னீங்கன்னு நான் விட்டுக் குடுத்தேன்லா? அதே மாதிரி பலகைய நீங்க விட்டுக் குடுங்க. நேருக்கு நேர் சரியாப் போச்சு." குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "வடதுருவத்துல பனி உருகுதுன்னு தாராளமாச் சொல்லுங்க, யாரு வேண்டாங்கா? குத்தாலத்துல சாரல் பிந்துதுன்னு நம்ம சொவத்துல நம்மளே போட்டுட்டா சீசனுக்கு எவன் வருவான்? லாட்ஜ்காரங்க என்னையில்லா வந்து பிடிப்பாங்க."

"அது நான் போட்டதில்ல. அவங்க குடும்பத்துல நாப்பது வருசமாச் சுட்டு வச்ச தேதி."

"அட்டைய எழுதுனது நீங்கதான? மலையில மரம் எத்தனைன்னு யாரப் பாத்துக் கேக்கீங்க? எம் மில்லுக்குள்ள வார ஒவ்வொரு தடிக்கும் ஃபாரஸ்ட் பாஸ் இருக்கு, பாத்துக்கிடுங்க."

"மழைக்கு பாஸ் படிக்கத் தெரியுமா அண்ணாச்சி?"

அவர் முகம் சுருங்கியது. பேச்சித்தாய் விடவில்லை. "பலகை எங்கன்னு கேட்டேன்."

அவர் மோவாயால் கரடியின் காலடியைக் காட்டினார். "எங்கயும் போகல. இங்கனதான் கெடக்கு. உங்க தகரத் தட்டு கண்ராவியா இருந்துச்சு. தொறந்து வைக்க மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி வாராரு, தகரத்தையா காட்டுறது? எம் மில்லு ஆளுகள விட்டு ராவோட ராவா இழைச்சி, சுண்ணாம்பு அடிச்சி, சமமாப் போட்டாச்சு. இப்பப் பாருங்க, நெசமான பனித்தரை மாதிரில்லா இருக்கு!"

பேச்சித்தாய் அப்படியே தரையில் மண்டியிட்டாள். கரடி நிற்கிற வெள்ளைத் தளத்தின் விளிம்பைக் கையால் தடவினாள். சுண்ணாம்புக்கு அடியில் பலகை நுனியில் குடைந்த எண்கள் தட்டுப்பட்டன. நாலுக்குப் பக்கத்தில் ஏழு கிடந்தது. ஏழுக்குப் பக்கத்தில் இரண்டு. ஒரு பலகையின் மூலையைத் தூக்கி உள்ளே விரலை விட்டாள். அடிப்பக்கமும் வழவழவென்று இருந்தது. இரண்டு பக்கமும் இழைத்துவிட்டார்கள். இழைப்புளி இரண்டு இழுப்பு இழுத்திருக்கும். ஒரு வருஷத்துக்கு ஓர் இழுப்புக்கூட வராது.

எழுந்து நின்றாள். அறைந்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தாள். பண்பொழியில் வரப்பை வெட்டியவனை அவளுடைய அப்பா மண்வெட்டிக் காம்பால் அடித்தது ஞாபகம் வந்தது. படித்ததால் வந்த கேடு, கை எழும்பவில்லை.

"தகரத்தட்டு இல்லன்னா தண்ணி எங்க போகும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒருநாள் கூத்துக்கு அதெல்லாம் பாத்தா முடியுமா?" என்றார் அவர்.

பத்தரை மணிக்கு ஐஸ் வந்தது. பார்க்கப் பெரிதாக இருக்கட்டும் என்று குற்றாலநாதன் எட்டுப் பாளம் சொல்லியிருந்தார். தூளைக் கழுவி, சாக்கை உருவி, கரடியின் நாலு காலையும் அணைத்து அடுக்கினார்கள். ஜனம் வந்தது. அருவிக்கரை இட்லிக்கடை சங்கரம்மாள் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து நின்றாள். கடையைச் சாத்தமுடியாமல் தார்ப்பாயை இழுத்துவிட்டு மீரானும் வந்தார். வெள்ளைச் சட்டை, புதுக் கைலி. நேரே சுவரைத்தான் பார்த்தார். பிறகு பேச்சித்தாயைப் பார்த்தார்.

அவள் ஒளிக்கவில்லை. நேரே போய்ச் சொன்னாள். எங்கே கிடக்கிறது, யார் இழைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். மீரான் கரடியின் காலடியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதி வச்சிருக்கீங்களா டீச்சர்?"

"இல்ல பாய்."

"அவரு செஞ்சது அவரோட. நான் குடுத்தது உங்க கையில" என்றார் மீரான். குற்றாலநாதன் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷம் அவள் மேலேயே திரும்பியது.

சென்னை அதிகாரி வருவதற்குப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அதற்குள் ஐஸ் பாதிக்கு வந்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் பலகையிடுக்கில் தேங்கி, கரடியின் காலுக்குள் ஏறிவிட்டது. உள்ளே இருந்த தூள் ஊறிப் பொதபொதவென்று ஆயிற்று. நாடா வெட்டி, கைதட்டி, எல்லோரும் உள்ளே வந்து நின்றபோது, கரடியின் முன்னங்காலில் வெள்ளைப் பஞ்சு செம்பழுப்பாகக் கசிய ஆரம்பித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் வரை ஏறியது. நாலு காலிலிருந்தும் சிவந்த தண்ணீர் வெள்ளைப் பலகை மேல் இறங்கி ஓடியது.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "வேட்டையைக் காட்டுறீங்களா? ரொம்பத் தத்ரூபமா இருக்கே!"

குற்றாலநாதன் சிரிக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தலையை ஆட்டினார். அப்போது சங்கரம்மாள் குனிந்து, ஒழுகிய தண்ணீரை விரலில் தொட்டு மோந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது வேங்கைத் தூளுல்லா! நனைஞ்சா அதுதான இப்படி ரத்தமாச் செவக்கும்!"

"வேங்கையேதான்" என்றாள் பக்கத்திலிருந்தவள். "நானும் அடுப்புல அதத்தான திணிக்கேன், எனக்குத் தெரியாதா?"

பெண்கள் கூட்டம் முன்னால் நெருக்கியது. தினமும் விடியற்காலையில் தூளை அடுப்பில் இடித்து இறுக்குகிற கைகள் அவை. எந்த மரத்துத் தூள் நின்று எரியும், எது புகையும் என்று அவர்களிடம் எந்த மில்காரனும் பேசி ஜெயிக்கமுடியாது. "இம்புட்டு வேங்கையா?" என்று ஒருத்தி கரடியை அண்ணாந்து பார்த்தாள். "எத்தன மரம் செத்துச்சோ, இவ்வளவு தூளு விழ!"

"திரையப் போடுவே பலவேசம்!" என்று குற்றாலநாதன் கத்தினார்.

"திரையே இல்லையே முதலாளி" என்றார் பலவேசம்.

பேச்சித்தாய் கயிற்றைத் தாண்டிக் கரடியிடம் போனாள். அதன் முன்னங்காலில் ஊறிக் கிடந்த பஞ்சை ஒரு கொத்துப் பிய்த்தாள். பலகையில் தேங்கிய சிவப்புத் தண்ணீரில் அதை முக்கினாள். நேரே அந்த வெள்ளைச் சுவருக்கு வந்தாள்.

"டீச்சர், என்ன செய்யுதீங்க?" என்று குற்றாலநாதன் பதறினார்.

"பலகைய எழுதுதேன்" என்றாள். "1949-லயிருந்து. பாய், உங்க வாப்பா மொத மொத சுட்ட தேதி என்ன?"

மீரானின் முகத்தில் கோபம் தீரவில்லை. ஆனாலும், "வைகாசி பதினாலு" என்றார். பேச்சித்தாய் ஈரச் சுண்ணாம்பில் பெரிதாக எழுதினாள். "என் நிக்காஹ் வருசம் வைகாசி இருபத்தெட்டு. அது அறுபத்தி ஒண்ணு" என்றார். அதையும் எழுதினாள்.

"எழுவத்தொண்ணு போடுங்க டீச்சர்!" சங்கரம்மாள் கத்தினாள். "வைகாசி இருபது. மூத்தவள வயித்துல வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி போகையில பாய் கடையில கம்பி காச்சிக்கிட்டு இருந்தாரு. அந்தப் பொகை இன்னும் மூக்குல நிக்கி."

"அந்த வருசந்தான்" என்று மீரான் தலையாட்டினார். ஒரு லாட்ஜ் காவல்காரர் ஒரு தேதி சொன்னார். மசாஜ் செய்கிறவர்கள் இரண்டு சொன்னார்கள், அதில் ஒன்றுக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். பேச்சித்தாய்க்குத் தான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தது ஞாபகம் இருந்தது. "போன வருசம்?" என்று கேட்டாள். "ஆடி ஒம்பது" என்று பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாகச் சொன்னன. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த வருஷம், யாருக்குத்தான் மறக்கும்?

பஞ்சு காயும்போதெல்லாம் கரடியிடம் போய் முக்கிக்கொண்டு வந்தாள். முழங்கை வரை சிவந்துவிட்டது. எவ்வளவு முக்கியும் நாற்பதில் பதினோரு தேதிதான் தேறியது. மீதி இருபத்தொன்பதும் மில் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தன. அந்த வருஷங்களை மட்டும் எழுதி, பக்கத்தில் இடத்தைக் காலியாக விட்டாள். அதிகாரி முழுவதையும் படித்தார். பிறகு குற்றாலநாதனைப் பார்த்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். குற்றாலநாதன் பேச்சித்தாயைப் பார்த்தார். அவளும் பதிலுக்கு அவரையே பார்த்தாள்.

மறுநாள் காலை அவளைக் கூடத்துக்குள் விடவேண்டாம் என்று உத்தரவு. அவளுக்கும் உள்ளே வேலை இல்லை. மீரானும் அவளும் ஒன்பது பலகைகளையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். வழியெல்லாம் மீரான் அவளிடம் பேசப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். பேசவேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. உள்ளே பலவேசம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. நாலாவது தடவை.

"ஏலே, இன்னும் தெரியுதே! வைகாசி பதினாலு அப்படியே நிக்கே!" குற்றாலநாதனின் குரல் தெரு வரை கேட்டது. "அது என்ன எழவு மைலே?"

பலவேசம் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டார். "உங்க மில்லுத் தூளுதான் முதலாளி. வேங்கைக் கறை. போவாது."